கல்யாணப் பத்திரிகையின் முதுகில் ஒரு பத்து

மெரினாவில் வெயில் தாழ்ந்ததும் பலூன் சுடும் கடைகள் களைகட்டும். மணலில் நட்ட இரண்டு கம்புகள், அவற்றுக்கு நடுவே ஒரு பலகை, பலகை முழுக்க வரிசை வரிசையாகச் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பலூன்கள். நாலு முழம் தள்ளி முழங்கையை ஊன்ற ஒரு மேசை. அதன்மேல் குழலை மடக்கிச் சுடும் பழைய ஏர்கன் ஒன்று கிடக்கும். காசு கொடுத்தவருக்கு எண்ணி எண்ணிப் பெல்லட் கிடைக்கும். இலக்கு, தடுப்பு, முட்டு, குண்டுத் தட்டு என்று துப்பாக்கி சுடும் கூடம் ஒன்றுக்கு வேண்டியதெல்லாம் அங்கே உண்டு. எதுவுமே விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கியதல்ல.

அதே ஊரில் பிள்ளையைப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கேட்கும் பேச்சு வேறு. துப்பாக்கிக்கே லட்சங்கள் ஆகும் என்பது முதல் அடி. அதைத் தாங்கிக்கொண்டு நிற்பவருக்கு அடுத்து ஒரு பட்டியல் நீட்டப்படும்: இலக்கு அட்டைக் கட்டு, குண்டு பிடிக்கும் பெட்டி, கண்மறைப்பு, முட்டுப் பை, குழல் துடைக்கும் செட், வேகமானி, குண்டுத் தட்டு. "இது பணக்கார விளையாட்டு சார், முடிஞ்சா வாங்க" என்ற வாசகம் பட்டியலோடு இலவசம். இவற்றில் பாதியை வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று யாராவது வாயைத் திறந்தால் நாலு பதில்கள் தயாராக இருக்கின்றன. துல்லியம் வராது. ஆபத்து. போட்டி விதி இடம் தராது. இப்போது மிச்சம் பிடித்தால் பின்னால் இரட்டிப்பாய்ச் செலவாகும்.

இந்த நாலும் தவறான இடத்தில் பொருத்தப்பட்ட உண்மைகள். துப்பாக்கிக்குப் பொருந்துவதைத் துப்பாக்கியைச் சுற்றியுள்ள சாமான்களுக்கும் நீட்டியதில்தான் கோளாறு.

பணக்கார விளையாட்டு என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 700.5 புள்ளிகளுடன் இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கத்தை வாங்கித் தந்த அபினவ் பிந்த்ரா, சொந்த வளாகத்திலேயே சுடும் கூடம் கட்டிக்கொள்ளும் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளை. போட்டித் தரத்து ரைஃபிள்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாகின்றன. அவற்றின் குழலும் விசையும் பட்டறையில் தட்டி எடுக்கக் கூடியவை அல்ல. இதுவரை யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் பிந்த்ராவின் ரைஃபிள் விலை உயர்ந்தது என்பதால் பிளாஸ்டிக் கண்மறைப்பும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று ஆகிவிடாது.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கிப் போட்டிகள் ஷாதோரூ நகரில் நடந்தன. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் துருக்கியின் யூசுப் டிகெச் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி, அன்றாடம் போடும் மூக்குக் கண்ணாடியும் காதில் அடைப்பானுமாக நின்று சுட்ட படம் உலகத்தையே சுற்றி வந்தது. 51 வயது. வில்லைக் கருவி இல்லை, கண்மறைப்பு இல்லை, இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன. ஷெவ்வால் இலாய்தா தர்ஹானுடன் சேர்ந்து அவருக்குக் கிடைத்தது வெள்ளி. அவர் கையிலிருந்த பிஸ்டல் நல்ல போட்டிப் பிஸ்டல்தான். அவர் விட்டுவிட்டது துப்பாக்கியை அல்ல, அதைச் சுற்றியுள்ள அலங்காரத்தை.

விலையுயர்ந்த பொருள் கைவிடாது என்பதும் எழுதி வைத்த சாசனம் அல்ல. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் போட்டிப் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவிலேயே பழுதானது. அதைச் சரிசெய்து திரும்புவதற்குள் பல நிமிடங்கள் கரைந்தன. 575 புள்ளிகளோடு, இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். மூன்று ஆண்டு கழித்து பாரீஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார்.

துல்லியம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஏர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி என்பது 0.5 மில்லிமீட்டர் அளவுள்ள வெள்ளைப் பொட்டு. பேனாவால் வைத்த முற்றுப்புள்ளி அளவு. குண்டின் விட்டம் 4.5 மி.மீ. குண்டின் ஓரம் பொட்டைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். அதைத் தீர்மானிப்பவை மூன்று: குழல், குண்டு, சுடுபவரின் உடம்பு. இலக்கு அட்டை எந்தக் கடையில் வாங்கியது என்பது இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. அட்டை செய்ய வேண்டிய வேலை இரண்டுதான்: அளவு சரியாக இருக்க வேண்டும், ஓட்டை சுத்தமாக விழ வேண்டும்.

சாதாரண நகல் தாளில் அச்சடித்துச் சுட்டால் ஓட்டை நட்சத்திரமாகக் கிழியும். புள்ளி எண்ண முடியாது. இதைப் பார்த்துவிட்டுத்தான் "வீட்டு அட்டை உதவாது" என்று பலரும் முடிவு கட்டுகிறார்கள். பரிகாரம் ஒவ்வொரு தமிழ் வீட்டின் அலமாரியிலும் கிடக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை. அதன் அட்டை கனமானது, நார் நெருக்கமானது. இலக்கு அச்சடித்த தாளைப் பசை தடவி அதன் முதுகில் ஒட்டி, ஒரு ராத்திரி பாரம் வைத்துக் காயவிட்டால் தட்டையான தலை கொண்ட போட்டிக் குண்டு அதில் காகிதத் துளைப்பான் போட்டது போல வட்டமாக வெட்டும். மினுமினுப்பு இல்லாத பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்; வழவழப்பில் பசை பிடிக்காது.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. அச்சடிக்கும்போது ஃபிட் டு பேஜ் என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால் கணினி இலக்கைச் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். 97 சதவீதத்துக்குச் சுருங்கினால் 30.5 மி.மீ. இருக்க வேண்டிய கறுப்பு வட்டம் 29.6 ஆகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. பள்ளிக்கூட அடிக்கோலை வைத்து வெளி வளையம் 45.5 மி.மீ. இருக்கிறதா என்று முதல் தாளை அளந்துவிட்டால் கதை முடிந்தது.

வீட்டில் பத்து மீட்டர் நீளம் கிடைக்காதவர் ஐந்து மீட்டரில் பாதி அளவு அட்டையை மாட்டுவது வழக்கம். கறுப்பு வட்டம் 15.25 மி.மீ. ஆகும், கண்ணுக்கு அதே காட்சி. இங்கே வீட்டுத் தயாரிப்பாளர்கள் ஏமாறுவதும் உண்டு. இலக்கு பாதியானாலும் குண்டு பாதியாகவில்லையே! ஓட்டையின் ஓரத்தை வைத்து எண்ணினால் ஐந்து மீட்டரில் பத்து என்று தெரிவது, பத்து மீட்டரில் ஒன்பதாக இருக்கலாம். ஓரத்தை விட்டுவிட்டு ஓட்டையின் மையத்தை அளக்க வேண்டும். பொட்டின் நடுவிலிருந்து 1.25 மி.மீ.க்குள் இருந்தால்தான் உண்மையான பத்து. கடை அட்டை வாங்கியவருக்கும் ஐந்து மீட்டரில் இதே சிக்கல்தான். அட்டையைத் தானே வரைந்தவருக்கு இது சீக்கிரம் உறைக்கும்.

அடுத்தது ஆபத்து. நாலு வாதங்களில் இதுதான் கனமானது, அதனால் நின்று பதில் சொல்ல வேண்டியது.

போட்டி ரைஃபிளின் குண்டு அரை கிராமுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 0.53 கிராம். நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் ஏழரை ஜூலை ஒட்டி வரும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் அது பொம்மை என்று நினைப்பவர்கள் உண்டு. கண்ணைக் குருடாக்க ஏழரை ஜூல் தாராளம். குறி தவறிய குண்டு திறந்த மொட்டை மாடியிலிருந்து சில நூறு மீட்டர் போகும். எனவே குண்டைப் பிடிக்கும் பெட்டி, சுடுபவர்கள் ட்ராப் என்று சொல்வது, ஏனோதானோவென்று செய்யும் பொருளல்ல.

ஆனால் பெட்டியைப் பாதுகாப்பானதாக்குவது விலைச்சீட்டு அல்ல, அதற்குள் நடக்கும் இயற்பியல். ஈயக்குண்டு நேராக நிற்கும் இரும்பில் மோதினால் சிதறும், துணுக்குகள் சுட்டவரை நோக்கியே திரும்பலாம். இரும்பு 45 பாகை சாய்ந்திருந்தால் குண்டு கீழ்நோக்கித் திசைமாறிப் பெட்டியின் அடியில் அடங்கும். வெல்டிங் பட்டறையில் கிடக்கும் 3 மி.மீ. கனமுள்ள தகட்டுத் துண்டைச் சாய்த்துப் பற்றவைத்து, பக்கங்களை அடைத்து, அடியில் பழைய துணியைத் திணித்தால் கடைப் பெட்டியின் வேலை முடிந்தது. பட்டறை வேண்டாதவருக்கு மரப்பெட்டி, அதற்குள் ஒரு சாண் கனத்துக்கு நெருக்கி அடுக்கிய செய்தித்தாள், அதன் பின்னால் அதே தகடு, அதற்கும் பின்னால் செங்கல் சுவர். பழைய டயர் துண்டைச் சிலர் வைக்கிறார்கள். அது மட்டும் கூடாது. ரப்பர் குண்டை விழுங்காது, திருப்பி உதைக்கும்.

இந்தப் பெட்டியில் ஒரு வேடிக்கை உண்டு. கை தேறத் தேறக் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். காகித அடுக்கின் நடுவில் கிணறு தோண்டியது போலக் குழி விழும். நன்றாகச் சுடுபவரின் பெட்டிதான் சீக்கிரம் ஓட்டையாகும். வாரம் ஒருமுறை அடுக்கைப் பிரித்து, நடுவிலிருக்கும் தாளை ஓரத்துக்கு மாற்ற வேண்டும். கடையில் வாங்கிய பெட்டியை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. செய்தவர் திறப்பார், ஏனென்றால் உள்ளே என்ன வைத்தார் என்று அவருக்குத் தெரியும். ஈயத்தூளைத் துடைப்பத்தால் பெருக்கிக் காற்றில் கிளப்பாமல் ஈரத் துணியால் துடைப்பது, கை கழுவாமல் முறுக்கைத் தொடாமல் இருப்பது, சுடும்போது அறைக் கதவைப் பூட்டுவது, பாதுகாப்புக் கண்ணாடி போடுவது எல்லாம் இரண்டு பெட்டிக்கும் பொதுவான ஒழுக்கம்.

வேகமானிக்கு வருவோம். துப்பாக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங் சுருள் தளர்ந்துவிட்டதா, குண்டு மாற்றினால் வேகம் மாறுகிறதா என்று அறிய மின்னணுக் கருவி இல்லாமல் முடியாது என்பது பரவலான நம்பிக்கை. மின்சாரம் என்பதே வராத காலத்தில், 1742இல், பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளந்து 'நியூ பிரின்சிபிள்ஸ் ஆஃப் கன்னரி' என்ற நூலில் எழுதிவிட்டார். அவருடைய கருவி ஒரு ஊசல்: தொங்கும் பலகை, அது எவ்வளவு தூரம் ஆடியது என்று காட்ட ஒரு நாடா.

அதே ஊசலை ஒரு மதியப்பொழுதில் கட்டலாம். சிறிய இரும்பு டப்பாவுக்குள் களிமண்ணை அடைத்து, மொத்தம் அரைக் கிலோ வருமாறு மளிகைக்கடைத் தராசில் நிறுத்துக்கொள்ள வேண்டும். நாலு மூலையிலும் நாலு கயிறு கட்டி, ஒரு மீட்டர் நீளத்தில் தொங்கவிட வேண்டும்; ஒற்றைக் கயிறு என்றால் டப்பா முறுக்கிக்கொள்ளும். டப்பாவின் பின்புறம் தையற்காரரின் அளவு நாடாவை ஒட்டி, அதன் மறு பக்கத்தை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே லேசாகப் பிடிக்கும்படி விட்டால் போதும். களிமண்ணில் குண்டு பதிந்ததும் டப்பா பின்னால் போகும், நாடாவை இழுத்துக்கொண்டு. 0.53 கிராம் குண்டு நொடிக்கு 170 மீட்டரில் வந்தால் நாடா ஏறத்தாழ 5.7 செ.மீ. நகரும். ஒரு செ.மீ.க்கு நொடிக்குச் சுமார் 30 மீட்டர் என்பது மனப்பாடம் பண்ணிக்கொள்ளும் வாய்ப்பாடு. போன மாதம் 5.7 காட்டிய துப்பாக்கி இந்த மாதம் 5 காட்டினால் சுருளோ வாஷரோ சொல்லிக்கொள்ளாமல் ஓய்வுபெறுகிறது என்று அர்த்தம். மில்லிமீட்டர் பிசகினால் வேகத்தில் 3 மீட்டர் பிசகும். மின்னணுக் கருவி இதைவிட நுட்பமானது, மறுப்பதற்கில்லை. துப்பாக்கிக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்துகொள்ள இவ்வளவு நுட்பம் போதும்.

குண்டுகளைத் தரம் பிரிக்கவும் ஒரு கருவி விற்கிறது. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை லேசாகச் சாய்த்து வைத்து அதில் குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தவர் அதை வாங்க மாட்டார். பெல்லட்டின் தலையும் பின்பக்கப் பாவாடையும் ஒரே அகலம் அல்ல. அதனால் அது நேராக உருளாமல் வளைந்து உருளும். நல்ல குண்டுகள் எல்லாம் ஒரே வளைவில் போய் ஒரே இடத்தில் குவியும். டப்பாவில் நசுங்கிப் பாவாடை நெளிந்தது தத்தித் தத்தி வேறு பக்கம் ஓடும். அதை எடுத்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

மூன்றாவது வாதம், விதி. சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதிப் புத்தகம் பெரியது, கறாரானது. சட்டையின் தடிமனைக்கூட மில்லிமீட்டரில் சொல்கிறது. ஆனால் அது அளவைக் கேட்கிறதே தவிர ரசீதைக் கேட்பதில்லை. குறி பார்க்காத கண்ணின் முன் வைக்கும் மறைப்பு 30 மி.மீ. அகலத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. யார் வெட்டியது என்று கேட்கவில்லை.

இந்தக் கண்மறைப்பில் கடைச் சரக்கைவிடக் கைச்சரக்கு மேலாகவும் இருக்கலாம். பலர் கறுப்புத் துண்டை வாங்கி மாட்டுகிறார்கள். மனிதக் கண்மணிகள் இரண்டும் ஜோடியாகவே விரியும், ஜோடியாகவே சுருங்கும். ஒரு கண்ணை இருட்டில் வைத்தால் மற்றக் கண்ணின் மணியும் கொஞ்சம் விரியும், குறி மங்கும். வெளிச்சத்தை விட்டு உருவத்தை மட்டும் மறைக்கும் பால் வெள்ளைப் பிளாஸ்டிக்தான் தேவை. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி அதுதான். கத்தரிக்கோலும் 30 மி.மீ. அளவும் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களின் புலம்பல் தனி: குறிமுள் மங்கலாய்த் தெரிகிறது, அதற்கு வில்லைக் கருவி வாங்க வேண்டுமாம். பயிற்சிக்கு முதலில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு மி.மீ. துளை போட்டுக் கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கட்டும். சிறு துளை வழியே பார்க்கும்போது பக்கமும் தூரமும் ஒருசேரத் தெளிவாகும். கேமராவில் துவாரத்தைச் சுருக்கினால் நடப்பதும் இதுவே. அது உதவுகிறது என்று தெரிந்த பிறகு காசு செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மலிவு பின்னால் இரட்டிப்புச் செலவு என்ற கடைசி வாதம், மலிவாக வாங்குவதற்குப் பொருந்தும். மலிவாகச் செய்வதற்கு அல்ல. சுருள் ஏர்கன்னில் மட்டமான தொலைநோக்கியை மாட்டியவர்களுக்கு இது தெரியும். அந்தத் துப்பாக்கி முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் உதைக்கும். இரண்டு பக்க அதிர்ச்சியில் மட்டத் தொலைநோக்கியின் உள்ளே ஏதாவது கழன்றுவிடும். அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது, அல்லது துப்பாக்கியோடு வந்த குறிமுள்ளே போதும் என்று இருக்க வேண்டும். அதே துப்பாக்கியை விலையுயர்ந்த இரும்புப் பிடியில் இறுக்கி வைத்தால் குண்டுகள் சிதறும், ஏனென்றால் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நகர விட வேண்டும். பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, இரண்டு முனையும் தைத்து, காய்ந்த மணலை முக்கால் பங்கு நிரப்பினால் கிடைக்கும் பை அந்த நகர்வுக்கு இடம் கொடுக்கும். அரிசி நிரப்புபவர்கள் ஆறு மாதத்தில் வண்டுக்குச் சோறு போடுவார்கள், மணலே உத்தமம்.

குழல் துடைக்கவும் இப்படித்தான். கனத்த தூண்டில் நரம்பு ஒன்றை மடித்து, மடிப்பில் பனியன் துணித் துணுக்கைக் கோத்துப் பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக இழுத்தால் போதும். இரும்புக் கம்பியை வாய்ப்பக்கமாக நுழைத்துக் குடைபவர், குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் விளிம்பைத்தான் கெடுத்துக்கொள்கிறார்.

எங்கே கை வைக்கக் கூடாது என்பதையும் வீட்டுத் தயாரிப்பை ஆதரிப்பவர்களே உரக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எதிர்த் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். போட்டி ரைஃபிளின் காற்று உருளை 200 பார் அழுத்தத்தைத் தாங்குவது. பத்து ஆண்டு கழிந்த உருளையைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. அதன் வால்விலும் திருகிலும் பட்டறை வேலை உயிருக்கு உலை. வேகத்தைக் கூட்டச் சுருளை மாற்றுவது, விசையின் பாதுகாப்புப் பூட்டைக் கழற்றுவது, சத்தம் அடக்கும் குழாய் செய்வது எல்லாம் சிக்கன வேலையே அல்ல. முதல் இரண்டும் ஆபத்தை வாங்கும், மூன்றாவது சட்டத்தையும் சேர்த்து இழுக்கும். பாதுகாப்புக் கண்ணாடியைக் கடையில்தான் வாங்க வேண்டும். குண்டு வாங்கும்போது நல்லதாகவே வாங்க வேண்டும். துப்பாக்கிக்குள் இருப்பது தொழிற்சாலையின் பொறுப்பு. துப்பாக்கிக்கு வெளியே இருப்பதில் பெரும்பகுதி வீட்டின் பொறுப்பு.

இந்தக் கோட்டைத் தெளிவாகப் போடாமல் "எல்லாம் விலைதான்" என்று மொத்தமாகச் சொல்வதால் இழப்பது யார்? கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், சென்னையில் பிறந்த ககன் நாரங் நிறுவிய அமைப்பின் பயிற்சி மையத்தில் தேறி, 2019இல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் தங்கம் வென்றார். அவருக்குத் துப்பாக்கியும் கூடமும் கொடுக்க ஓர் அமைப்பு இருந்தது. அப்படி அமைப்பு இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு வழியில் நிற்கும் தடை இரண்டு: துப்பாக்கியின் விலை, அதைச் சுற்றிய பட்டியலின் விலை. முதல் தடையைச் சங்கத்து இரவல் ரைஃபிள் ஓரளவு தீர்க்கும். இரண்டாவது தடையை யாரும் தீர்க்க வேண்டியதே இல்லை. அது பேச்சால் கட்டிய சுவர்.

பட்டியலைக் கையில் வாங்கிய பெற்றோர் ஒரு பேனாவை எடுக்கலாம். இலக்கு அட்டை: அலமாரியில் சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகைகள் நாற்பது மிச்சம். குண்டுப் பெட்டி: தெருமுனை வெல்டிங் பட்டறை. கண்மறைப்பு: ஐஸ்கிரீம் மூடி. முட்டுப் பை: முட்டியில் கிழிந்த ஜீன்ஸ். துடைப்புச் செட்: தூண்டில் நரம்பும் பனியனும். வேகமானி: தையற்காரர் நாடா, அரைக் கிலோ களிமண். குண்டுத் தட்டு: பாட்டில் மூடிக்குள் வெட்டி வைத்த ஸ்பாஞ்சு. அடித்துவிட்ட வரிகளுக்குக் கீழே, பட்டியலில் யாரும் எழுத மறந்த ஒன்றை அவரே எழுதிக்கொள்ளட்டும்: பாதுகாப்புக் கண்ணாடி, இரண்டு. ஒன்று பிள்ளைக்கு, இன்னொன்று பக்கத்தில் நின்று பார்க்கப்போகும் அவருக்கு.